கையெழுத்து வைக்கப் பழகினால் போதுமா? சோவியத் எழுத்தறிவு இயக்கமும் வன்னி வகுப்புகளும்

இலங்கையின் வடக்கே வன்னியில் வளர்ந்தோருக்கான எழுத்தறிவு வகுப்பொன்று தொடங்கினால், முதல் நாளே வருகிற கோரிக்கை ஒன்றுதான்: "கையெழுத்து வைக்கப் பழக்கிவிடுங்கோ, அது காணும்." அஸ்வெசும என்ற அரச நிவாரணப் படிவம், கமநல சேவை நிலையப் பதிவு, வங்கிப் புத்தகம் என்று எங்கே போனாலும் பெருவிரலில் மை பூசுகிற வெட்கம் தீர வேண்டும். நியாயமான ஆசை. ஆனால் வகுப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நூறு வருடத்துக்கு முந்தைய பெரிய சான்று ஒன்று இருக்கிறது. சோவியத் நாட்டில் 'லிக்பெஸ்' என்று சுருக்கி அழைத்த எழுத்தறியாமை ஒழிப்பு இயக்கம் அது. அதன் வெற்றியைப் பலர் பேசுவார்கள். வகுப்பு நடத்துகிறவருக்கு அது சறுக்கிய இடங்கள்தான் கூடப் பயன்படும்.

1897 குடிசன மதிப்பீட்டின்படி ரஷ்யப் பேரரசில் எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 21 பேர். ஆண்களில் 29, பெண்களில் வெறும் 13. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1919 டிசெம்பர் 26 அன்று லெனின் கையொப்பமிட்ட ஆணை வந்தது. 8 வயது முதல் 50 வயது வரை எழுத்தறியாத எல்லாரும் படித்தாக வேண்டும். தாய்மொழியிலா ரஷ்ய மொழியிலா என்பது அவரவர் விருப்பம். எழுதத் தெரிந்தவர்களைக் கற்பிக்கும் கடமைக்கு அழைக்கலாம். தேவாலயம், மன்றம், தனியார் வீடு எதையும் வகுப்பறையாக்கலாம். கடமையைத் தட்டிக்கழிப்பவரும், படிக்கப் போகிறவரைத் தடுப்பவரும் குற்றவியல் சட்டத்தின் முன் நிற்க நேரும்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பிரிவு அதிகம் பேசப்படாமலே கிடக்கிறது. கூலிக்கு வேலை செய்பவர் படிக்கும் காலம் முழுவதும் அவருடைய வேலை நாளில் இரண்டு மணித்தியாலம் குறைக்கப்படும், சம்பளம் குறையாது. என் கணிப்பில் அந்த ஆணையின் உயிர் இதுதான். வளர்ந்தவர் வகுப்புக்கு வராததற்கு முதற்காரணம் மனமின்மை இல்லை, நேரம். அந்த நேரத்துக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்விக்கு அந்த ஆணை எழுத்தில் விடை சொன்னது. தொழிற்சாலையில் அது ஓரளவு செல்லுபடியாகும். தன் நிலத்தைத் தானே உழுகிற விவசாயிக்கு இரண்டு மணித்தியாலத்தை யார் குறைத்துக் கொடுப்பது? அதனால் கிராமங்களில் பனிக்காலமே படிப்புக் காலமாயிற்று. உழவு தொடங்கினால் வகுப்புக் கலைந்துவிடும்.

எங்களுக்குப் பனிக்காலம் இல்லை, போகம் இருக்கிறது. மானாவாரிக் கிராமங்களில் காலபோக அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்த பிறகு, பங்குனி நடுப்பகுதியிலிருந்து ஆடி வரை ஓர் இடைவெளி கிடைக்கும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழ் சிறுபோகம் செய்யும் ஊர்களில் அந்த இடைவெளி கிடையாது. அங்கே விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட கிழமைகளைத்தான் பிடிக்க வேண்டும். ஐப்பசியில் தொடங்கும் வகுப்பு மழையோடு போய்விடும். நாளில் எந்த நேரம் என்பதும் ஊரைப் பொறுத்தது. பின்னேரம் ஆறரைக்கு வைத்தால் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கக் காட்டோரக் கிராமங்களில் யானைப் பயத்தில் ஆட்கள் வரமாட்டார்கள், பெண்கள் நிச்சயமாக வரமாட்டார்கள். பகல் இரண்டரை முதல் நாலரை வரை நல்ல நேரம்: சமையல் முடிந்திருக்கும், மாடு பட்டிக்குத் திரும்பியிராது. கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம், 16 கிழமை என்றால் 96 மணித்தியாலம். நாள்கூலிக்குப் போகிறவர் இருந்தால், கிழமையில் ஒரு நாளை ஞாயிற்றுக்கிழமையாக வையுங்கள்.

எத்தனை பேரோடு தொடங்குவது? 15 பேருக்கு மேல் எழுத்தறியாதவர் உள்ள ஒவ்வொரு ஊரிலும் ஓர் எழுத்தறிவு நிலையம் என்பது சோவியத் விதி. படிப்பு 3 முதல் 4 மாதம். இன்றைய வன்னியில் அந்த 15 பேரை ஒரே ஊரில் காண்பது அரிது. இருப்பவர்கள் சிதறி இருக்கிறார்கள்: வயது போனவர்கள், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் சிலர், இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தைத் தொலைத்துவிட்டு இப்போது முப்பது நாற்பது வயதில் நிற்பவர்கள். கடைசியாகச் சொன்னவர்களை முதலாமவரோடு ஒரே பாயில் இருத்தக் கூடாது. அவர்களுக்கு எழுத்துத் தெரியும், வேகம்தான் இல்லை. சோவியத்தில் எழுத்தறியாதவருக்கு ஒன்று, அரைகுறையாகத் தெரிந்தவருக்கு வேறொன்று என்று இரண்டு நிலை வைத்தார்கள். அதை மறந்து கலந்துவிட்டால் ஒரு சாரார் மூன்றாம் நாளே சலித்துப் போவார்கள், மற்றச் சாரார் வெட்கத்தில் வாய் திறக்கமாட்டார்கள்.

ஆட்கள் சிதறி இருக்கும் இடத்துக்கு 1919ஐ விட 1928தான் கிட்டிய முன்மாதிரி. 1921இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்து அரச நிதி சுருங்கியது. அதே காலத்தில் வொல்காப் பகுதியைப் பஞ்சம் பிடித்தது. நிலையங்கள் பெருந்தொகையாக மூடப்பட்டன. 1923இல் சோவியத் தலைவர்களில் ஒருவரான கலினினைத் தலைவராகக் கொண்டு 'எழுத்தறியாமை ஒழிக' என்ற தொண்டர் சங்கம் எழுந்தது. பிறகு 1928இல் கொம்சொமோல் என்ற இளைஞர் அமைப்பு தன் மாநாட்டில் 'பண்பாட்டுப் படையெடுப்பை' அறிவித்தது. மொஸ்கோவோடு சேர்த்து வொல்காக் கரையிலுள்ள சராத்தோவ், சமாரா, அத்தோடு வொரோனெஷ் ஆகிய மாகாண நகரங்கள் அதன் தூண்களாயின. சம்பள ஆசிரியர் போதாத இடத்தில், எழுதத் தெரிந்த எவரும் நாலைந்து பேரைச் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம், வீட்டுக்கே போயும் சொல்லிக்கொடுக்கலாம் என்ற முறை அங்கேதான் பெரிதாக விரிந்தது. 1930 நடுப்பகுதியில் இந்தப் 'பண்பாட்டுப் படையினர்' பத்து லட்சம் பேர். பதிவான எழுத்தறிவுப் பள்ளிகளில் படித்தவர்கள் ஒரு கோடி.

சராத்தோவ் தானியம் விளையும் நாடு. 1929, 1930இல் அங்கே விவசாயிகளின் நிலங்களைச் சேர்த்து அரசு கூட்டுப்பண்ணையாக்குவதும், தானியத்தைக் கட்டாயமாகக் கொள்முதல் செய்வதும் உச்சத்தில் இருந்தன. நெல்லைக் கணக்கெடுக்க வருபவரும் எழுத்துச் சொல்லித்தர வருபவரும் ஒரே வாசலிலிருந்து வந்தால் ஊரார் எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்று வன்னியாருக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் பக்கம் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: வகுப்பு நடத்துகிறவர் அந்த ஊரில் நிவாரணப் பெயர்ப் பட்டியல் எழுதுகிறவராகவோ கடன் வசூலிக்கிறவராகவோ இருக்கக் கூடாது. பொதுநோக்கு மண்டபத்தை விட ஒரு வீட்டு மாமரத்தடி நல்லது. மண்டபத்துக்குப் போவதை ஊர் முழுக்கப் பார்க்கும். மரத்தடிக்குப் போவது ஒரு வீட்டுக்குப் போவதுதான்.

இனி எழுத்து. செஞ்சேனை வீரர்களுக்குப் படிப்பித்த டோரா எல்கினா தயாரித்த வளர்ந்தோர் அரிச்சுவடியில் புகழ்பெற்ற ஒரு வரி உண்டு: 'மி நே ரபி, ரபி நே மி'. நாம் அடிமைகள் அல்லர், அடிமைகள் நாமல்லர் என்று பொருள். எல்லாரும் அதன் கருத்தைப் பேசுவார்கள். அதன் கட்டுமானத்தைப் பாருங்கள். நாலே அசை: மி, நே, ர, பி. ரஷ்ய எழுத்தில் ஏழே ஏழு எழுத்து. அந்த நாலு அசையைத் திருப்பிப் போட்டால் இரண்டாவது வாக்கியம் கிடைக்கிறது. முதல் பாடத்திலேயே, வளர்ந்த மனிதர் ஒருவர் பெருமைப்படக்கூடிய முழு வாக்கியத்தை வாசித்துவிடுகிறார். குழந்தைகளுக்கான 'அணில் ஆடு' அவருக்கு எரிச்சல் தரும்.

தமிழில் இதைச் செய்வது சுலபம். அசையே எங்கள் எழுத்து. 247 என்று சொல்லிப் பயப்படுத்தாதீர்கள். ம, ர, வ, ய, ப, ட, ம், ல் என்ற எட்டோடு தொடங்கினால்: மரம், வரம், வயல், படம், பயம், வடம், மடம், மடல், பல். எட்டு எழுத்துக்கு ஒன்பது சொல், எல்லாம் வீட்டிலும் வெளியிலும் புழங்குகிறவை. இரண்டு கிழமை இதை மட்டும் மாற்றி மாற்றி அட்டையில் அடுக்க விடுங்கள். பிறகு கால் (ா) ஒன்றைச் சேர்த்தால் பால், வால், பாடம், பாடல், வாரம், பாரம், மாமரம். ஒரு குறி ஏழு சொல் தருகிறது. 'வாரம்' என்றவுடன் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, வயல் செய்கிற கதை வரும், வகுப்பு சூடு பிடிக்கும்.

இங்கே ஒரு குழி உண்டு. அச்சில் ர-வும் காலும் ஏறக்குறைய ஒரே உருவம். ர-வுக்குக் கீழே சாய்ந்த சிறு வால் மட்டும் கூட. 'பாரம்' என்று எழுதிக் காட்டினால் புதியவர் 'பரரம்' என்பார், அல்லது நடுவில் திகைத்து நிற்பார். அது அவருடைய மந்தம் இல்லை, எழுத்தின் குற்றம். ர-வின் வாலைக் கையால் தடவிப் பழகி ஒரு கிழமையாவது போன பிறகே காலைக் காட்டுங்கள். காலைக் காட்டும் முதல் நாள் ர வராத சொற்களாக எடுங்கள்: பால், வால், பாடம்.

அடுத்த குழி கொம்பு (ெ). 'நெல்' என்பதில் கண் முதலில் காண்பது கொம்பு, வாய் முதலில் சொல்வது ந். இடமிருந்து வலமாக ஒலி வரும் என்று ஏழு கிழமை பழகியவருக்கு இது துரோகம் மாதிரி. கொம்பையும் ந-வையும் ஒரே அட்டையில், பிரிக்க முடியாதபடி எழுதி, முழு உருவமாகவே காட்டுங்கள். கொம்பைத் தனி எழுத்தாக ஒருநாளும் எழுதிக் காட்டாதீர்கள். உகர வரிசைக்கு ஒரு சூத்திரம் இல்லை, மூன்று குடும்பம் இருக்கிறது: கு, டு, மு, ரு, ழு, ளு ஒன்று, சு, பு, யு, வு இன்னொன்று, ணு, து, நு, லு, று, னு மற்றது. ஙு, ஞு இரண்டையும் விட்டுவிடலாம், வாழ்நாளில் தேவைப்படாது. குடும்பத்துக்கு ஒரு கிழமை கொடுத்தால் மூன்று கிழமையில் முடியும். வரிசைப்படி கு, சு, டு, து என்று ஒரே நாளில் கொட்டினால் மூன்று மாதமானாலும் முடியாது.

சொல்வதெழுதலில் 'மழை'யை 'மளை' என்று எழுதுவார்கள். எங்கள் பேச்சில் ழ-வும் ள-வும் ஒன்றுதான், காது சொன்னதைக் கை எழுதுகிறது. முதல் மூன்று மாதம் சிவப்புப் பேனையைத் தொடாதீர்கள். பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரமும் அப்படித்தான். 'செய்யிறன்' என்று பேசுகிறவர் 'செய்கிறேன்' என்பதை வேற்று மொழியாகப் பார்ப்பார். முதல் வாக்கியங்களை இரண்டிலும் ஒன்றாக இருப்பவையாகத் தெரிந்தெடுங்கள்: மழை வரும். குளம் நிரம்பும். வயல் விளையும். மாடு மேயும். இந்த 'உம்' வினைகள் பேச்சிலும் எழுத்திலும் ஒரே உருவம். எட்டாம் ஒன்பதாம் கிழமைக்குள் இப்படி நாற்பது ஐம்பது வாக்கியம் வாசித்துவிடலாம்.

1917, 1918இல் ரஷ்ய எழுத்துச் சீர்திருத்தம் சில எழுத்துகளைக் கழித்தது. சொல்லிக்கொடுப்பவருக்கு வேலை இலகுவாயிற்று. மாறாக மத்திய ஆசியாவில் அரபு எழுத்திலிருந்து இலத்தீனுக்கும், 1930களின் கடைசியில் இலத்தீனிலிருந்து சிரில்லிக்குக்கும் மாற்றினார்கள். ஒரு தலைமுறைக்குள் இரண்டு முறை எழுத்தறியாதவரானவர்கள் அங்கே உண்டு. எங்களிடம் அவ்வளவு இல்லை. ஆனாலும் சிறு வயதில் கொஞ்சம் படித்து விட்ட வயதானவர்களுக்கு பழைய லை, னை, ணா உருவங்கள் நினைவில் இருக்கும். 1978இல் தமிழ்நாடு ஏற்ற புதிய உருவங்கள்தான் இப்போது எங்கும். இரண்டையும் பக்கத்தில் எழுதி ஒருமுறை காட்டினால் ஐந்து நிமிடத்தில் தீரும் விடயம் அது. காட்டாவிட்டால் 'எனக்கு எல்லாம் மறந்துபோச்சு' என்று எழும்பிப் போய்விடுவார்கள்.

பொருட்கள் பற்றிச் சுருக்கமாக. சோவியத்தில் காகிதப் பஞ்சம் கடுமை. கற்பிப்போருக்கான கையேட்டில் 'காகிதம், பேனை, மை, பென்சில் இல்லாமல் சமாளிப்பது எப்படி' என்றே ஒரு பகுதி இருந்தது. புகைக்கரியிலிருந்தும் பீற்றூட்டிலிருந்தும் மை செய்தார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த வன்னிக்கு அது புதுமை இல்லை. இன்று பென்சில் கிடைக்கிறது, பிரச்சினை வேறு. மண்வெட்டி பிடித்த கை பென்சிலை அமத்தும், கூர் முறியும், தாள் கிழியும். இரண்டடிக்கு ஓரடித் தட்டில் அரித்த காய்ந்த மணலை அரை அங்குலத்துக்குப் பரப்பி விரலால் எழுதுவது முதல் நாலு வகுப்புக்கு நல்லது. அதற்கு மேல் நீட்டினால் தோள்தான் பழகும், விரல் பழகாது. பிறகு மெதுவான 2பி பென்சிலும் சதுரறூள் கொப்பியும். ஒற்றைறூளில் எழுத்து ஒன்றுக்கொன்று முட்டும்.

கண்ணை மறக்க வேண்டாம். நாற்பத்தைந்துக்கு மேற்பட்டவர் எழுத்தே தெரியவில்லை என்றால் பாதி வெள்ளெழுத்து. முதல் வகுப்புக்கு முன்னரே ஊசியில் நூல் கோர்க்கச் சொல்லுங்கள். கையை நீட்டித் தள்ளிப் பிடிக்கிறவருக்கு வாசிப்புக் கண்ணாடி தேவை, நாற்பத்தைந்தில் +1.5, ஐம்பத்தைந்தில் +2, அறுபதில் +2.5 அளவில் பெரும்பாலும் சரிவரும். தள்ளிப் பிடித்தும் மங்கலாகத் தெரிந்தால் வைத்தியசாலைக் கண் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும், வெண்படலமாக இருக்கலாம். இதைச் செய்யாத வகுப்பில் இரண்டாம் கிழமை பாதிப் பேர் குறைவார்கள், காரணத்தைச் சொல்லவும் மாட்டார்கள்.

எழுத்தறிவு என்றால் என்ன என்பதற்குச் சோவியத் நிலையங்கள் வைத்த அளவுகோல் இன்றைக்கும் நல்ல அளவுகோல். தெளிவான அச்சையும் கையெழுத்தையும் வாசிக்க வேண்டும். வாழ்க்கைக்கும் அலுவலகத்துக்கும் தேவையான சிறு குறிப்பு எழுத வேண்டும். முழு எண், பின்னம், நூற்றுவீதம், வரைபடம் விளங்க வேண்டும். நூற்றுவீதத்தை அங்கே சேர்த்தவரை நான் மதிக்கிறேன். வடக்கில் நுண்கடன் பெண்களை எப்படி நெரித்தது என்பது ஊரறிந்தது. பதினான்காம் கிழமையில் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடுங்கள்: கடன் 60,000 ரூபா, 12 மாதம், மாதத்துக்கு நூற்றுக்கு 3 வட்டி. மாதத்துக்கு முதற்பணம் 5,000, வட்டி 1,800, கட்டுவது 6,800. ஆண்டில் வட்டி 21,600. நூற்றுக்கு 36 என்று சொல்லித் தருவார்கள். ஆனால் முதல் மாதம் கையில் இருந்த கடன் 60,000, கடைசி மாதம் 5,000 மட்டுமே, சராசரி 32,500. அதற்கு 21,600 வட்டி என்றால் நூற்றுக்கு 66. கடன் குறையக் குறைய வட்டியும் குறைகிறதா என்று கேட்கத் தெரிந்தவர், கையெழுத்து வைக்கும் முன் படிவத்தைத் திருப்பிப் பார்ப்பார்.

கையெழுத்துக்கே வருகிறேன். பெயரை எழுதப் பழகுவது படம் வரைவது. மல்லிகா என்று அழகாகக் கையெழுத்து வைக்கிற ஒருவரிடம் 'காலி', 'கால்' என்று எழுதிக் காட்டுங்கள். இரண்டும் அவர் பெயரிலுள்ள எழுத்துகளே. வாசித்தால் எழுத்துத் தெரியும். முழித்தால் படம்தான் தெரியும். பதிவேட்டில் 'எழுத்தறிந்தவர்' என்று குறிக்கும் முன் ஒவ்வொருவரின் பெயருக்கும் இப்படி ஒரு சோதனை செய்யலாம்.

சோவியத் இயக்கத்தின் பெரிய நோய் இதுதான். முடித்தவர்களை எண்ணினார்கள், ஆறு மாதம் கழித்து வாசிக்கிறவர்களை எண்ணத் தவறினார்கள். படித்தவர் திரும்பவும் எழுத்தை மறப்பதற்கு 'மீள்விழுகை' என்று பெயரே வைக்க வேண்டி வந்தது. 9 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் எழுத்தறிந்தவர் 1926இல் நூற்றுக்கு 56.6, 1939இல் 87.4. அந்த ஏற்றத்துக்கு வகுப்புகள் மட்டும் காரணமில்லை. 1930இல் வந்த கட்டாய ஆரம்பக் கல்வி, புதிதாக எழுத்தறியாதவர் உருவாகும் வாய்க்காலை மறித்தது. மற்றது, வாசிக்க ஏதாவது இருந்தது: ஊர் வாசிப்புக் குடில்கள், சுவர்ப் பத்திரிகைகள், 1923இல் தொடங்கிய 'விவசாயிகள் பத்திரிகை'. அந்தப் பத்திரிகைக்குக் கிராமத்தார் தாங்களே கடிதம் எழுதினார்கள்.

வாசிப்புக் குடில் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, சனசமூக நிலையம். அங்கே உதயன் பத்திரிகையோ வீரகேசரியோ மேசையில் கிடக்கும். புதிய வாசகருக்குத் தலைப்புச் செய்தி கடினம், அரசியல் வாக்கியம் நீளம். மரண அறிவித்தலைக் கொடுங்கள். பெரிய எழுத்து. ஒரே சட்டகம்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்டவர், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார். மாறுவது பெயரும் ஊரும் நேரமும் மட்டும். 'பிறப்பிடமாகவும்' என்ற நீண்ட சொல்லை முதல் நாள் எழுத்துக் கூட்டுவார்கள், ஐந்தாம் நாள் பார்த்தவுடன் சொல்வார்கள். ஊர்ப் பெயர்களும் உறவு முறைகளும் அவர்களுக்கு எங்களை விட நன்றாகத் தெரியும். பாதி வாசித்தவுடனேயே 'இது எங்கட பூநகரிப் பக்கத்து ஆள்' என்று மிச்சத்தை ஊகித்து, பிறகு ஊகம் சரியா என்று கண்ணால் தேடுவார்கள். வாசிப்பு என்பது அந்தத் தேடல்தான்.

வகுப்பு முடிந்த பிறகும் ஒரு வருடத்துக்கு, கிழமைக்கு ஒரு நாள், ஒரு மணித்தியாலம், பழைய பத்திரிகைக் கட்டோடு அதே மரத்தடியில் இருக்க ஒருவர் வேண்டும். ஆறாம் மாதம் ஒரு புதிய மரண அறிவித்தலைக் கையில் கொடுத்து, இறுதிக் கிரியை எத்தனை மணிக்கு, எந்த மயானத்தில் என்று கேளுங்கள். சொல்லிவிட்டால் அன்றைக்குப் பதிவேட்டில் எழுதலாம்.